நடு அம்பு

ஏன்குட்டி ஜெயித்தவை இவை. டைப்ரைட்டிங் போதும் என்று வகுப்பாசிரியை சொன்ன பிறகும் வாங்கிய புள்ளியியல் பட்டம். மூன்று முறை திருப்பி அனுப்பிய அதே அலுவலகத்தில், அரசுத் திட்டங்கள் பலித்தனவா என்று பார்க்கும் மதிப்பீட்டாளர் வேலை. அவசரத்தில் திக்குகிற நாக்கை வைத்துக்கொண்டு, அறை நிறைந்த அதிகாரிகளிடம் அரை மணி நேரம் பேசியது. பிறகு, ஒரே ஒரு வட்டாரத்தில் இன்றைக்கும் பச்சைக் குழந்தையைப் பார்க்க வீடு தேடி வரும் நர்ஸ். இருப்பதில் சின்னது அந்தக் கடைசிதான். அதற்குத்தான் அவள் படாத பாடு பட்டாள்.

எதைச் சொன்னாலும் ஏன் என்று கேட்பாள். அதனால் வீட்டில் அந்தப் பெயர். அக்கா சலவைக்கடை நடத்தினாள். சாயங்காலம் தேய்ப்பு மேஜை காலியானதும் ஏன்குட்டி தன் படத்தை அதில் விரிப்பாள். ஆளுயரக் காகிதம், முழுக்கக் கட்டங்கள், கட்டத்துக்குக் கட்டம் அம்புகள். ஒரு திட்டத்தில் என்ன செய்கிறார்கள், அதனால் என்ன நடக்கும் என்று நம்புகிறார்கள், ஏன் அப்படி நம்புகிறார்கள் என்று வரிசையாக வரைவது. மாற்றக் கோட்பாடு என்று அலுவலகத்தில் பெயர். அக்காவுக்கு அது அம்புப்படம்.

"உன் அம்பெல்லாம் கசங்கிக் கிடக்குடி. ஒரு இழுப்பு இழுத்துத் தரவா?"

"இஸ்திரிப் பெட்டியைக் கிட்ட கொண்டுவராதே அக்கா. போன தடவையே ஒரு கட்டம் பழுப்பாயிடுச்சு."

அந்த வருடத்துப் படம் நர்ஸுகளைப் பற்றியது. குழந்தை பிறந்த வீட்டுக்கு வாரம் ஒருமுறை நர்ஸ் போவார். தாய்க்கு அறிவுரை சொல்வார். தாய் அதன்படி நடப்பாள். குழந்தையின் எடை ஏறும். எடை ஏறவும் செய்தது. சுகாதாரத் துறையில் எல்லோருக்கும் வாயெல்லாம் பல். பலன் தந்தது அறிவுரைதானே, அதைச் செல்போனில் அனுப்பிவிடலாம், நர்ஸுகள் அலைய வேண்டாம் என்று முடிவு கட்டினார்கள். மதிப்பீட்டு அறிக்கை வந்துவிட்டால் உத்தரவு போட வேண்டியதுதான் பாக்கி.

ஏன்குட்டி வீடு வீடாகப் போய்க் கேட்டாள். நர்ஸ் என்ன சொன்னார் என்று பாதித் தாய்மார்களுக்கு நினைவே இல்லை. நினைவிருந்தவர்களில், தனியாகக் குழந்தை வளர்த்தவர்கள் நர்ஸ் சொன்னதைத் தவறாமல் செய்திருந்தார்கள். அங்கே எடை ஏறவில்லை. ஏறியதெல்லாம் கூட்டுக் குடும்பங்களில். ஒரு தாய் சிரித்துக்கொண்டே சொன்னாள்: "நர்ஸம்மா வர்ற அன்னிக்கு எங்க மாமியார் என்னைச் சமையல்கட்டுல நிக்க விடமாட்டாங்க. பாத்தா என்ன நினைப்பாங்கன்னு. அப்புறம் அதுவே பழகிப்போச்சு. இப்ப நான் சாப்பிட்டுத் தூங்குறேன், பாத்திரம் அவரு கழுவுறாரு."

அறிவுரையிலிருந்து எடைக்குப் போன நடு அம்பை ஏன்குட்டி அழித்து வேறு பக்கம் வரைந்தாள்; அறிக்கையில் அதற்கென்று ஒரு அத்தியாயமும் எழுதினாள். குழந்தையைத் தேற்றியது நர்ஸின் பேச்சு அல்ல, வெளியாள் ஒருவர் வாசலேறி வருவது. செல்போன் வாசலேறி வராது.

அக்காவுக்கு முதலில் எரிச்சல்தான் வந்தது. தங்கையுடையது ஒப்பந்த வேலை, அந்த மாதம்தான் புதுப்பிக்க வேண்டும்.

"குழந்தைங்க தேறிடுச்சுல்ல? அப்புறம் உனக்கு என்னடி வந்தது?"

"எதனால தேறுச்சோ அதையே பிடுங்கப் போறாங்க அக்கா."

"அதை அவங்ககிட்ட சொல்லேன்."

"சொல்லிச் சொல்லி வாய் வலிக்குது. முடிவு நல்லா இருக்கு, போதும்ங்கறாங்க. திட்டம் தோத்திருந்தாக்கூட ஏன்னு கேட்டிருப்பாங்க. ஜெயிச்சதை யாரும் கேக்க மாட்டேங்கறாங்க."

அலுவலக இயக்குநர் போன் செய்தபோது ஏன்குட்டியின் இரண்டு கையிலும் படம் சுருண்டிருந்தது. அக்காதான் ஸ்பீக்கரைப் போட்டாள்.

"இங்க பாரும்மா, ஆரம்பமும் சரி, முடிவும் சரி. நடுவுல எது வழியா வந்தா நமக்கென்ன? அந்த அத்தியாயத்தை எடுத்துடு."

"எ... எடுத்தா போன் திட்டம் சரின்னு ஆயிடும் சார்."

"மாமியார் கழுவினாங்க, புருஷன் கழுவினான்னு நான் துறைக்கு அனுப்ப முடியுமா? சிரிப்பாங்க."

"மாமியார் இல்லாத வீட்டுக் கணக்கும் இருக்கு சார். அதை ஒரு தடவை பா... பாருங்க."

"இதுல என் கையெழுத்து விழாது. அவ்வளவு உறுதின்னா நீயே போட்டு அனுப்பு. அப்புறம் வேலை நீடிக்கலைன்னு என்கிட்ட வந்து நிக்காதே."

அந்த அலுவலகத்தில் யார் எழுதினாலும் அறிக்கையில் இயக்குநர் பெயர்தான் இருக்கும். ஏழு அறிக்கைகள் எழுதியிருந்தாள். ஒன்றிலும் அவள் பெயர் கிடையாது. ஒவ்வொன்று வெளிவரும்போதும் அக்கா கடைசிப் பக்கத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு மூடி வைப்பாள்.

"என்ன அக்கா, அத்தியாயத்தை எடுத்துடவா?"

எடுத்துவிடு என்று சொல்லத்தான் அக்கா வாய் திறந்தாள். பாத்திரம் கழுவுகிற அந்தப் புருஷன் நினைவுக்கு வந்து தொலைத்தான்.

"எடுத்துட்டா நீ ராத்திரி தூங்கவா போறே? என்னையும் தூங்க விடமாட்டே. போட்டுத் தொலை."

சட்டைக் காலரில் குறி போடுகிற பேனாதான் மேஜையில் இருந்தது. ஏன்குட்டி அதை எடுத்து, முழுப் பெயரையும் எழுதினாள். மை தாளின் பின்பக்கம் வரை ஊறியது.

பெரிதாக ஒன்றும் மாறிவிடவில்லை. துறையில் கூட்டிவைத்துக் கேட்டார்கள்; திக்காமல் பேசினாள்; தலையாட்டினார்கள்; ஜூன் மாதம் செல்போன் செய்திகள் கிளம்பின. ஒப்பந்தம் புதுப்பிக்கப்படவில்லை. வேறு வேலை கிடைக்கும்வரை ஏன்குட்டி கடையில் துணி மடித்தாள். முனகிக்கொண்டேதான் மடித்தாள். அறிக்கையை முழுக்கப் படித்த ஒரு வட்டார அதிகாரி மட்டும் நர்ஸுகளை நிறுத்த மறுத்துவிட்டார். மற்ற இடங்களில் எடை குறைந்ததா என்று தெரியாது. அதை அளக்க யாரும் ஆள் அனுப்பவில்லை.

அந்த அறிக்கையின் ஒரு பிரதி சலவைக்கடை அலமாரியில் இருக்கிறது. கடைசிப் பக்கத்தில், அவள் முதன்முதலாகத் தன் பெயரில் போட்ட கையெழுத்தின் கீழே உள்ள தேதி: 14 மார்ச் 2017, செவ்வாய்க்கிழமை.