இன்னொரு கரண்டி கொத்சு

சிதம்பரத்தில் நாங்கள் குடியிருந்த தெருமுனையில் ஓர் ஓட்டல் இருந்தது. ஞாயிற்றுக்கிழமையோடு அதை மூடுகிறார்கள் என்று மகள் வந்து சொன்னபோது, நான் கடலூரில் அவள் வீட்டில் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தேன். சாலையை அகலப்படுத்துகிறார்களாம். முன்பக்கத்தை ஏற்கெனவே இடித்தாகிவிட்டதாம். மிச்சமுள்ள இடத்தில் நாலு மேசை போட்டு என்னத்தை வியாபாரம் செய்வது என்று முதலாளி விட்டுவிட்டாராம்.

"முன்பக்கம்னா நம்ம ரூமா?" என்று கேட்டேன்.

"அதான்மா மொதல்ல போச்சாம்."

அதற்குப் பிறகு கீரையில் கை ஓடவில்லை.

நம்ம ரூம் என்றால் எங்களுக்குச் சொந்தமானது இல்லை. ஓட்டலுக்குள் நுழைந்ததுமே, கல்லாவுக்குப் பக்கத்தில், பலகை அடித்துத் தடுத்த சின்ன அறை. பெண்கள் கூடத்தைத் தாண்டிப் போக வேண்டாம் என்று தெருவை ஒட்டியே வைத்திருந்தார்கள். வாசலில் பச்சைத் திரை தொங்கும். மேலே 'குடும்பத்தினர் மட்டும்' என்று எழுதியிருக்கும். கல்யாணமாகி வந்த புதிதில் அவர் என்னை அங்கேதான் அழைத்துப்போனார். வெளி ஆட்கள் பார்க்கச் சாப்பிடுவது எனக்கு ஆகாது. பிறந்த வீட்டில் எல்லாரும் சாப்பிட்டு எழுந்த பிறகு அடுப்படியில் உட்கார்ந்து சாப்பிட்டவள் நான். அவர் திரையை இழுத்துவிட்டால்தான் எனக்கு இட்லி தொண்டையில் இறங்கும்.

வெள்ளிக்கிழமை சாயந்திரம் கோயிலுக்குப் போய்விட்டு நேரே அங்கே வருவோம். இரண்டு பேருக்கும் இட்லி கொத்சு. கத்தரிக்காய் குழைந்து, புளியும் வறுத்த மல்லியும் சேர்ந்து, மேலே எண்ணெய் மினுங்கிக்கொண்டிருக்கும். நான் முதல் இட்லிக்கே அள்ளி அள்ளிச் சாப்பிட்டுவிடுவேன். கடைசி இட்லிக்குத் தொட்டுக்கொள்ள ஒன்றும் இருக்காது. கேட்கவும் மாட்டேன். அவர் என் தட்டை ஒரு பார்வை பார்ப்பார். திரையை விலக்கி, "மச்சான், உன் தங்கச்சி தட்டு காஞ்சி கெடக்கு, வந்து பாரு!" என்று கத்துவார்.

மச்சான் என்றது சர்வரை. உறவெல்லாம் கிடையாது, பழக்கம்தான். அவர் கரண்டியோடு வந்து, "தங்கச்சிக்கு வாயே இல்லியா? எல்லாத்தையும் நீயே பேசி முடிச்சிடு மச்சான்" என்பார்.

"வீட்டுல வந்து கேளு, அப்பத் தெரியும்."

இரண்டு பேரும் சிரிப்பார்கள். நான் குனிந்த தலை நிமிர மாட்டேன்.

என் வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்த பிறகு ரொம்ப நாள் அந்தப் பக்கமே போகவில்லை. ஒருநாள் சர்வர் அண்ணன் தெருவில் பார்த்து, "ரூமு காலியாத்தான் கெடக்கு, வந்துட்டுப் போ தங்கச்சி" என்றார். போனேன். பிறகு வெள்ளிக்கிழமை தவறாமல் போனேன். என்ன வேண்டும் என்று அவர் கேட்பதில்லை. தட்டை வைப்பார், திரையை இழுத்துவிட்டுப் போய்விடுவார். தனியாக உட்கார்ந்திருக்கிற பெண்பிள்ளையை எட்டிப் பார்க்கக் கூடாது என்கிற மரியாதை. அதனால் என் தட்டு காய்வது அவருக்குத் தெரியாது. திரைக்கு இந்தப்புறம் நான் கூப்பிட வாயெடுப்பேன். சத்தம் வராது. அடுத்த வாரம் கேட்டுக்கொள்ளலாம் என்று கடைசி இட்லியை வெறுமனே தின்றுவிட்டுத் தண்ணீர் குடிப்பேன். மகள் வீட்டோடு வந்து சேருகிற வரைக்கும் அப்படியேதான் போயிற்று.

ஞாயிற்றுக்கிழமை காலையில் சிதம்பரம் பஸ் ஏறினேன். மகள் கூட வருகிறேன் என்றாள். வேண்டாம் என்றேன். அவள் வந்தால் அவளே பேசிவிடுவாள். இந்த ஒரு தடவையாவது நானே வாய்திறந்து கேட்டுவிட வேண்டும் என்று இருந்தது.

போய்ப் பார்த்தால் ஓட்டலுக்கு முகமே இல்லை. அறை இருந்த இடத்தில் தரை மட்டும் கிடந்தது. பக்கத்துச் சுவரில் திரைக்கம்பி மாட்டிய கொக்கி அப்படியே இருந்தது. மேலே தார்ப்பாய் கட்டியிருந்தார்கள். உள்ளே அத்தனை பேரும் ஆம்பிளைகள். ரோட்டிலிருந்து பார்த்தால் யார் எதைத் தின்கிறார்கள் என்பது வரைக்கும் தெரிந்தது. எனக்குக் கால் வரவில்லை. எதிர்ப்புறம் பூக்காரி பக்கத்தில் நின்றுவிட்டேன்.

"இன்னா ஆயா, ரொம்ப நேரமா நிக்கற? பஸ்ஸுக்கா?"

"இல்லம்மா. ஓட்டலுக்கு."

"இங்க நின்னா இட்லி பறந்து வருமா? போ போ. உன்னை யாரு தூக்கிக்கினு போவப்போறாங்க!"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்தச் சிரிப்பிலேயே ரோட்டைத் தாண்டிவிட்டேன்.

காலியாக இருந்த ஒரே மேசை, எங்கள் அறை இருந்த இடத்தில்தான் போட்டிருந்தது. புது ஆள் ஒருவர் வந்து கேட்டார். இட்லி கொத்சு என்றேன். லாரி சத்தத்தில் அவருக்குக் கேட்கவில்லை. இன்னொரு தடவை சொன்னேன். தட்டு வந்தது. அதே கொத்சு. பார்த்துத் தொட்டுச் சாப்பிட்டிருந்தால் போதுமாக இருந்திருக்கும். நான் எப்போதும்போல் அள்ளினேன். கடைசி இட்லி தனியாக நின்றது.

சர்வர் அண்ணன் உள்ளே ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். தலை முழுக்க வெளுத்திருந்தது. இப்போது தட்டு தூக்குவதில்லை போலிருக்கிறது. என்னை அவர் பார்க்கவில்லை. கொத்சு பாத்திரம் அவர் பக்கத்திலேயே இருந்தது. நாளைக்கு அதுவும் இருக்காது.

"அண்ணே, கொத்சு!"

நினைத்ததைவிடச் சத்தமாக வந்துவிட்டது. நாலு மேசையும் திரும்பியது. அவர் யார் குரல் என்று தேடினார். என்னைத் தாண்டிப் போன கண் திரும்பி வந்தது. எழுந்தார்.

"தங்கச்சியா! இதான் உன் கொரலா? இத்தினி வருசத்துல இன்னிக்குத்தான் கேக்கறேன்!"

"தட்டு காஞ்சி கெடக்கு" என்றேன்.

பாத்திரத்தையே தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். சுரண்டினார். "அடியில கெடந்தது. லேசா புடிச்சிருக்கும்."

"பரவால்ல, ஊத்துங்க."

ஊற்றியவர் நின்றார். "ரூம்ல தனியா சாப்புட்டப்பல்லாம் பத்துச்சா?"

"பத்தல."

"அடப்பாவமே. ஒரு வார்த்த சொல்லக்கூடாதா?"

"அதான் இப்ப சொன்னேன்."

அவர் பாத்திரத்தைக் கவிழ்த்து மிச்சத்தையும் வழித்து விட்டார். ரோட்டில் ஒரு பஸ் வந்து நின்றது. ஜன்னலோரம் இருந்தவர்கள் எல்லாம் என் தட்டைப் பார்த்தார்கள். என் கை தானாகப் பக்கத்தில் போய்த் திரையைத் தேடியது. பிறகு திரும்பி வந்து இட்லியைப் பிட்டது.