ஓரம் கடிபட்ட பத்துக் காசு

பாயான் பாரு தொழிற்சாலையில் மின்னணுப் பலகைகளை உருப்பெருக்கியில் வைத்துக் குறை தேடுவது வெரோனிக்காவின் பத்தொன்பது வருட வேலை. வேலை முடிந்தும் அந்தக் கண் ஓயாது. நாணயங்களில் பிழை தேடும். கைப்பையில் எப்போதும் ஒரு லென்ஸ் கிடக்கும்.

அவள் தேநீர் குடிக்கும் கெலுகோர் சாப்பாட்டுக் கடையின் முதலாளி ஷேக் அலாவுதீன், பிழையான காசு ஆயிரம் மலேசிய வெள்ளிக்குப் போகிறது என்று ஏதோ வீடியோவில் பார்த்துவிட்டார். ஒரு சனிக்கிழமை, பிஸ்கட் டப்பா நிறையக் காசை அவள் முன் கவிழ்த்தார்.

"பாருங்க தங்கச்சி. பூவே பாதி இல்ல. எரர் தானே?"

லென்ஸை வைத்துப் பார்த்தாள். "அச்சோட அடி பலமா விழல அண்ணே. அதான் பூ முழுசா எழும்பல. மங்குன இடத்துலயும் புதுக்காசுப் பளபளப்பு இருக்கு பாருங்க. இத எரர்னு யாரும் வாங்க மாட்டாங்க."

"இது? எழுத்தெல்லாம் தடிச்சிருக்கே."

"அடிச்சு அடிச்சு அச்சு தேஞ்சுபோச்சு. இந்த மாதிரி ஊர் முழுக்க இருக்கும்லா."

அவர் பொறுக்கிக் காட்டிய இருபது நாணயங்களுக்கும் 'இல்லை' சொன்ன பிறகு அவளுக்கே சங்கடமாகிவிட்டது. அலாவுதீனின் முகம் சுண்டியிருந்தது. கடைசிக் காசை அவரே ஒதுக்கினார்.

"இத விடுங்க. எவனோ கத்தரிச்சு என் தலையில கட்டிட்டான்."

குப்பைத்தொட்டிக்குப் போகவிருந்ததை அவள் கைநீட்டி வாங்கினாள். பத்துக் காசு. ஓரத்தில் பிறைபோல ஒரு கடி. கடிக்கு நேரெதிரே இருந்த விளிம்பைப் பார்த்தாள். பல வருடமாகத் தேடியும் அவள் கையில் சிக்காத ரகம். கேட்டால் சும்மாவே தந்துவிடுவார். காசை அவர் பக்கமே நகர்த்தினாள்.

"அண்ணே, இது அசல் எரர்."

"விளையாடாதீங்க."

"கத்தரிச்சிருந்தா கடிக்கு நேரெதிர்ல விளிம்பு நல்லா எழும்பியிருக்கும். இங்க சப்பையா இருக்கு. தகடு வெட்டும்போதே ஓரம் போயிருக்கு. அதுக்கப்புறம்தான் அச்சு விழுந்திருக்கு."

பக்கத்து மேசைக்காரர்கள் எழுந்து வந்தார்கள். ஆளுக்கொரு தடவை லென்ஸ் கைமாறியது.

"ஆயிரம் போகுமா?"

"நூறு கெடைச்சா பெரிசு."

மறுவாரம் பிறை ஊரிலிருந்து ஒரு நாணயச் சேகரிப்பாளர் வந்து தொண்ணூறு வெள்ளி தருவதாகச் சொன்னார். அலாவுதீன் காசைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

"வர்றவங்க எல்லாம் இத பாத்துட்டுத்தான் ரொட்டியே கேக்குறாங்க. இருக்கட்டும்லா."

வெரோனிக்காவுக்குக் கொஞ்சம் பொறாமைதான். சிரித்துக்கொண்டே, இன்னொரு முறை பார்க்கக் கேட்டாள்.