கதவில் இரண்டு தட்டு

அப்பாவிடமிருந்து எனக்கு வந்தவை மூன்று: ஓர் அரிசி ஆலை, ஒரு லாரி, முன்வழுக்கை. இவற்றில் நான் ஒழுங்காகப் பராமரித்தது வழுக்கையை மட்டும்தான்.

லாரிக்கு ஒரு டிரைவரும் ஒரு கிளீனரும் இருந்தார்கள். கிளீனர் லாரியைத் துடைத்து நான் பார்த்ததில்லை. ஐம்பதை நெருங்கிக்கொண்டிருந்த அந்த மனிதரின் உண்மையான வேலை, இடது ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பது. வலப்பக்கம் இருக்கும் டிரைவருக்கு இடது சக்கரத்தோரம் என்ன வருகிறது என்று தெரியாது. எங்கள் சாலைகளில் சைக்கிள்கள் எல்லாம் அந்த ஓரத்தில்தான் வரும். கிளீனர் பார்த்துவிட்டு உள்ளங்கையால் கதவில் தட்டுவார். ஒரு தட்டு என்றால் நில். இரண்டு தட்டு என்றால் போ.

பத்திரிகைகளில் தாராளமயம் என்று எழுதிக்கொண்டிருந்த காலம். திருத்துறைப்பூண்டியில் அது பாஸ்போர்ட் போட்டோ எடுக்கும் ஸ்டூடியோக்களாக வந்து சேர்ந்தது. நடவுக்கு ஆள் தேடிப் போனால் வீட்டில் துபாய்க் கடிதத்தைக் காட்டினார்கள். எங்கள் கிளீனரும் ஒருநாள் புதுச் சட்டையில் வந்து, "குவைத்துல கார் தொடைக்கிற வேலைங்க மொதலாளி" என்றார். கடைசியில் துடைக்கத்தான் போனார்.

அவர் இடத்துக்கு ஆள் கிடைக்கவில்லை என்று ஊரில் சொன்னேன். உண்மையில் தேடவில்லை. பதிலுக்கு இடப்பக்கம் ஒரு கண்ணாடி மாட்டினேன். அதை ஒரே வாரத்தில் ஒரு புளியமரக் கிளை உடைத்தது. டிரைவர் இரண்டு முறை நினைவூட்டினார். "பாப்போம்" என்றேன். அதைத்தான் செய்யாமல் விட்டேன்.

எனக்கு ஒரு நண்பன் இருந்தான். முத்துப்பேட்டைக்காரன், எங்கள் கடைத்தெருவில் தையல்காரன். பள்ளியில் ஒரே பெஞ்சு. அவன் அண்ணன் தம்பி எல்லாரும் கடல் தாண்டியாயிற்று. அவனுக்கும் விசா வந்தது. அவன் மனைவி பெட்டி வாங்கி வைத்தாள். நான்தான், "நீயும் போயிட்டா எனக்கு யார்டா இருக்கா" என்றேன். அவன் யோசித்துவிட்டு, "அதுவும் சரிதான். அங்க போயி யாருகூட மாப்ளே சண்ட போடுறது" என்று தங்கிவிட்டான். அந்தப் பெட்டியில் வெட்டுத்துணி போட்டுவைத்தார்கள். நான் அதை என் வெற்றிகளில் ஒன்றாக நினைத்திருந்தேன்.

ஜோசியர் சொன்னாரென்று நான் பெரிய பவழ மோதிரம் ஒன்று போட்டிருந்தேன். இவ்வளவு படித்தவன் இதைப் போடலாமா என்று எனக்கே வெட்கம். அவனுக்கோ அதில் தனி சந்தோஷம். "சிக்னல் லைட்டு எரியுது, எல்லாரும் நில்லுங்கப்பா" என்று கடையிலிருந்தே கத்துவான்.

அன்று திருவாரூர் போய்விட்டு லாரியிலேயே திரும்பினேன். கிளீனர் இருக்கையில் முதலாளி. பின்னால் நெல் மூட்டைகள், மடியில் நூலகத்துப் புத்தகம். நகைச்சுவைக் கட்டுரைகள். அந்த மாதிரி எழுத வேண்டும் என்று எனக்கு ஆசை இருந்தது. வாய்க்கால் பாலம் தாண்டியதும் ஆலைக்கு இடதுபக்கம் திரும்ப வேண்டும். டிரைவர் வேகம் குறைத்து, "அந்தப் பக்கம் பாருங்க மொதலாளி" என்றார்.

ஒரு பத்தி முடியவில்லை. நல்ல இடம். சிரித்துக்கொண்டே, புத்தகத்திலிருந்து கண்ணை எடுக்காமல், ஜன்னல் வழியாகக் கையை வெளியே விட்டு இரண்டு தட்டுத் தட்டினேன். கிளீனர் செய்வது போலவே இருந்தது. அதில் ஒரு சின்னப் பெருமைகூட வந்தது.

அப்புறம் மணி அடித்தது. சைக்கிள் மணி, ஒரே முறை.

தைத்து முடித்த துணிகளை வீடுகளில் கொடுத்துவரக் கிளம்பியிருந்தான். அன்று அவன் எப்படிக் கிடந்தான் என்பதை எழுத மாட்டேன். கேரியரில் கட்டியிருந்த பள்ளிக்கூடச் சீருடைகள் மடிப்புக் கலையாமல் இருந்தன.

காவல் நிலையத்தில் டிரைவரைக் கேட்டார்கள், இடப்பக்கம் யார் இருந்தது என்று. அவர் என்னைப் பார்க்காமல், "மொதலாளி இருந்தாருங்க. ஒடம்பு சரியில்ல, அசந்து தூங்கிட்டாரு" என்றார். நான் மறுக்கவில்லை. அவர் சிறைக்குப் போய் வந்தார். நான் வீட்டுக்குப் போனேன்.

பிறகு எனக்கு ஒரு பைத்தியம் பிடித்தது. முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் இடையில், சைக்கிள் உள்ளே விழாதபடி, தாழ்வாக இரும்புக் குழாய்கள் பற்றவைத்தேன். லாரியின் இடது முன்மூலையில் குவிந்த கண்ணாடி வைத்தேன். இடது இருக்கைக்கு ஒரு பெரியவரை அமர்த்தி, அவர் பக்கத்தில் வேறு யாரும் உட்காரக் கூடாது என்றேன். மூட்டை ஏற்றுகிறவர்கள் முழங்காலில் இடித்துக்கொண்டு, "லாரிக்குக் கொலுசு போட்டிருக்காரு, அடுத்து வளைகாப்புதான்" என்றார்கள். மற்ற ஆலைகளுக்கும் வருடக்கணக்கில் போய்ச் சொன்னேன். மூன்று பேர் கேட்டார்கள். அதற்காக ஒரு சங்கம் மேடையேற்றி எனக்குப் பொன்னாடை போர்த்தியது. எனக்குக் கூசியது. ஆனால் கழற்றவில்லை.

மறுநாள் சைக்கிளில் கடைத்தெருவைத் தாண்டும்போது நண்பனின் மனைவி கடையிலிருந்து கூப்பிட்டாள். அவன் மெஷினில் இப்போது அவள்தான் தைக்கிறாள்.

"பேப்பர்ல பாத்தேண்ணே. அவரு நெனப்பா இவ்வளவு செய்றீங்க. தூக்கத்துல நடந்ததுக்கு நீங்க என்ன பண்ணுவீங்க."

பதினோரு வருடம் சொல்லாததை அப்போது சொன்னேன். தூங்கவில்லை என்றேன். புத்தகம் என்றேன். இரண்டு தட்டு என்றேன். பாதியில் என் குரல் கட்டுரை படிக்கிற மாதிரி ஒலித்தது. அதற்காகவும் வெட்கப்பட்டேன்.

அவள் மெஷினை நிறுத்தவில்லை. ஒரு தையல் வரிசை முடிந்த பிறகுதான் காலை எடுத்தாள்.

"கைய வெளிய விட்டீங்களா?"

"ஆமாம்மா."

"மோதிரக் கையா?"

"ஆமாம்."

கொஞ்ச நேரம் நூலைத் தேடினாள். நூல் எதிரிலேயே இருந்தது.

"அப்ப அவரு பாத்திருப்பாரு. செவப்பு தெரிஞ்சிருக்கும்ல. நீங்கதான் தட்டிக் கூப்புடுறீங்கன்னு நெனச்சிருப்பாரு. அதான் கிட்ட வந்திருக்காரு."

ஒற்றை மணி எதற்கு என்று பதினோரு வருடம் யோசித்திருக்கிறேன். எச்சரிக்கை என்று நினைத்திருந்தேன். என் தட்டுக்கு அவன் பதில் சொல்லியிருக்கலாம் என்று எனக்குத் தோன்றியதே இல்லை.

"டிரைவர் அண்ணன்கிட்ட போயி, எங்கிட்ட சொல்லிட்டேன்னு சொல்லிட்டு வாங்க" என்றாள். "அவரு இந்தத் தெருவுக்கே வர்றதில்ல. நான் ஏதும் நெனப்பேன்னு சுத்திக்கிட்டுப் போறாரு."

எழுந்தேன். வாசலில் என் சைக்கிள் நின்றது. அவள் குனிந்து மறுபடி தைக்க ஆரம்பித்தாள். என்னைப் போகச் சொன்னாளா, இனி வராதே என்றாளா என்று அந்தச் சத்தத்தில் கண்டுபிடிக்க முடியவில்லை. டிரைவர் வீட்டுக்குப் போகும் வழியில் அந்தப் பாலம் வந்தது. இறங்கி, ஓரமாகத் தள்ளிக்கொண்டு கடந்தேன்.