ஒரு செபம் முடியும்வரை துவக்கு

துவக்குக் கடை வேலை என்றால் வெடிக்கிறதைவிடத் துடைக்கிறதுதான் அதிகம். சிஞ்ஞோராமார் என்று நாங்கள் கூப்பிடும் இத்தாலிய எசமானிமாரின் வீடுகளில் வாளியும் துணியுமாக முழங்காலில் நின்ற என் சகோதரிமாருக்கு இதை நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை. தொண்ணூறுகளில், இத்தாலியின் பலெர்மோவில், கபோ சந்தைக்குப் பின்னால் இருந்த ஒரு வேட்டைச் சாமான் கடையை நான் துடைத்தேன். பிள்ளைகள் வளர்ந்து தங்கள் தங்கள் வேலைக்குப் போய்விட்டார்கள். நான் எட்டாம் வகுப்போடு நின்றவள்.

தூசி தட்டுகிறவள்

முயல் வேட்டைக்கு ஆசைப்படுகிறவர்கள் முதலில் தேடி வருவது காற்றுத் துவக்கைத்தான். அதாலே முயலைச் சுடச் சட்டம் விடாது. வெறும் தகரப் பேணிகளை அடுக்கிச் சுட்டுக் கை பழகி, பிறகுதான் காடு. முதலாளி வீத்தோ யார் வந்தாலும் பெரிய துவக்கையே எடுத்து நீட்டுவார். ஒரு மெலிந்த தபால்காரர் அப்படி வாங்கிப் போனதை மூன்றாம் நாளே திருப்பிக் கொண்டுவந்தார். சன்னம் போடக் குழலை மடக்கவேணும்; அதற்கு அவருக்குப் பலம் போதவில்லை.

நான் பேசாமல் இருந்திருக்கலாம். ஆனால் கிழமைக்கு ஒருக்கால் எல்லாத் துவக்கையும் இறக்கித் தூசி தட்டுகிறவள் நான். எது தோளை இழுக்கும், எது கைக்குள் அடங்கும் என்று என் கைக்குத் தெரியும். "சிஞ்ஞோர், அவருக்கு மூலையிலை நிக்கிற சின்னன்தான் சரி" என்றேன். வீத்தோ மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். "சரி ஃபிலோமேனா, அடுத்த ஆளுக்கு நீயே தெரிஞ்சு குடு. அது திரும்பி வந்துதெண்டால் வாளியோடை நில். பிறகு என்ரை கடையிலை நீ வாய் திறக்கப்படாது."

பாண் போடுகிற சால்வோ

அடுத்த ஆளாக மாதா யாரை அனுப்பினா தெரியுமோ? மாப் பிசைந்து பாண் போடுகிற சால்வோவை! கதவை அடைக்கிற தோள். "இருக்கிறதிலை பெரிசைத் தா" என்றார். கொடுத்தேன். சன்னம் போடாத துவக்கைச் சுவரில் இருந்த ஆணிக்கு நேரே நீட்டிப் பிடிக்கச் சொன்னேன். முயல் வருமட்டும் அசையாமல் நிற்கவேணுமே. எவ்வளவு நேரம் என்று கேட்டார். மணிக்கூட்டைப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை. 'அருள் நிறைந்த மரியே' சொல்லத் தொடங்கினேன், தமிழிலேயே, ஊரில், மன்னாரில் சொல்லிப் பழகின மாதிரி ஆறுதலாக, அவசரமில்லாமல்.

பாதி தாண்டவில்லை, குழல்முனை ஆணியைச் சுற்றிச் சிலுவை போடத் தொடங்கியது. மூலையில் நின்ற சின்னனைக் கொடுத்து மறுபடியும் சொன்னேன். ஆமென் வரும்வரை முனை அசையவில்லை. சால்வோ நெற்றியைத் துடைத்தார். "சிஞ்ஞோரா, என்ரை அம்மா செபமாலை முழுக்கச் சொல்லியும் என்னை இப்பிடிப் பணிய வைச்சதில்லை." பிறகு அந்தச் சின்னனையே வாங்கிப் போனார்.

வீட்டில் இதைச் சொல்ல, என் மூத்தவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "அம்மா, மாதாவைத் துவக்குக் கடைக்கோ கூட்டிக்கொண்டு போனியள்?"

லிபெர்த்தா சிஞ்ஞோரா

பணக்காரர் இருக்கிற லிபெர்த்தாத் தெருவில் ஆறு வருசம் நான் வீடு துடைத்த சிஞ்ஞோரா, ஓய்வு பெற்ற வக்கீல் கணவரோடு வந்தா. "ஃபிலோமேனா, நிலம் நல்லா மினுங்குது" என்றா. வக்கீலுக்குத் தூரக்கண்ணாடி பூட்டி, கட்டையில் பூ வேலை செய்த துவக்குத்தான் வேணுமாம். "கண்ணாடி பிறகு பூட்டலாம் சிஞ்ஞோர். முதல்லை வெறுங்கண்ணாலை குறி பிடியுங்கோ" என்றேன்.

குழலை மடக்க அவரால் முடியவில்லை. முகம்தான் சிவந்தது. சிஞ்ஞோரா கைப்பையை என்னிடம் தந்துவிட்டு, ஒரே அமுக்கில் மடக்கினா. செபத்துக்கும் அசையாமல் நின்று, கடைசியில் ஆமெனைத் தானும் சேர்ந்து சொன்னா. அடுத்த மாதம் தன் பெயரிலேயே பொலிஸ் அனுமதிக் கடிதம் எடுத்துக்கொண்டு வந்து அந்தத் துவக்கை வாங்கினா. வாசலில் நின்று திரும்பிப் பார்த்தா. "ஆறு வருசம் என்ரை வீட்டிலை நிண்டாய். உன்னட்டை ஒண்டும் கேக்காமல் விட்டிட்டன், ஃபிலோமேனா."

திரும்பி வந்த துவக்கு

ஒரு திங்கட்கிழமை காலை சால்வோ கதவைத் தள்ளிக்கொண்டு வந்தார். கக்கத்தில் நான் கொடுத்த அதே துவக்கு. பின்னால் யாரோ ஒருவர். என் கை செபமாலையைத் தேடியது. வீத்தோ வாளியைப் பார்த்தார், அவ்வளவுதான். நான் வாளியைத் தூக்கிக்கொண்டு பின்னறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டேன். அழுதால் வெளியில் கேட்காது.

சால்வோ வந்தது துவக்கைத் திருப்பித் தர அல்லவாம். பேணியெல்லாம் விழுத்தின சந்தோசத்தில், கூட வந்த தன் மைத்துனருக்கும் அதுபோல ஒன்று எடுக்க, மாதிரிக்குக் கொண்டுவந்தாராம். வீத்தோவுக்கு ஆசை பொறுக்கவில்லை. மைத்துனர் கையில் ஒரு துவக்கைக் கொடுத்து நீட்டச் சொல்லி, செபத்தையும் தானே தொடங்கியிருக்கிறார். மனுசன் கோயில் பக்கம் போய் எத்தனை வருசமோ! கொஞ்ச நேரத்தில் பின்னறைக் கதவுக்குள் அவர் தலை தெரிந்தது. "ஃபிலோமேனா, வாளியை வைச்சிட்டு ஓடி வா! நான் பாதியிலை மறந்து போனன், அந்தாள் இன்னும் துவக்கை நீட்டிக்கொண்டு நிக்கிறான்!"

இன்றுவரை ஒரு குருவியைக்கூடச் சுடாத நான் பலெர்மோவில் எத்தனை தோளுக்குத் துவக்கு அளந்து கொடுத்தேன் என்று மாதாவுக்குத்தான் தெரியும். அந்தத் திங்கட்கிழமைக்குப் பிறகு கடையின் நிலத்தைத் துடைத்தவர் வீத்தோ.