கழற்றி வைத்த சப்பாத்து

கடற்கரையில் கூடாரத்தைச் சுற்றிக் கான் வெட்டிய ஒரே ஆள் என் அக்காவின் கணவர்தான். தோட்டத்து ஆட்களுக்கு வடிகால் என்றால் கான். லயத்து வாசலில் மழைத்தண்ணீர் தேங்காமல் ஓட சின்ன வயதிலிருந்து கான் வெட்டிப் பழகியவர், தெலுக் செனாங்கின் மணலிலும் குந்தி உட்கார்ந்து மண்வெட்டியால் வெட்டிக்கொண்டிருந்தார். பள்ளி விடுமுறை. சவுக்கு மரங்களுக்கு அடியில் ஒரு கூடாரத்தின் கயிறு அடுத்த கூடாரத்தின் கயிற்றோடு சிக்கிக்கொள்ளும் அளவுக்குக் கூட்டம். கடலோரத்து நல்ல இடங்களையெல்லாம் முதல் நாளே வந்தவர்கள் பிடித்துவிட்டார்கள். எங்களுக்குக் கிடைத்தது கடைசி வரிசை. பக்கத்தில் ஒரு மலாய்க் குடும்பம் ஜெனரேட்டரும் பாட்டுப் பெட்டியுமாக வந்திருந்தது. அந்த வீட்டு மாக்சிக், பெரியம்மா வயதுக்காரர், எட்டிப் பார்த்து, என்ன, இங்கே செம்பனை நடப் போகிறீர்களா என்று மலாயில் கேட்டார். பிள்ளைகள் எல்லாம் சிரித்தார்கள்.

"சிரிங்க, சிரிங்க. மழ வந்தா தெரியும்லா," என்றார் மச்சான்.

அக்கா பாயில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். "இந்த ஆளுக்குக் குழி தோண்டுனாலும், சுத்தி ஒரு கான் வெட்டுனாத்தான் உள்ள படுப்பாரு," என்றாள்.

அந்தக் கூடாரம் என்னுடையது. காம்பாரில் படிப்பு முடிந்து ஊருக்குப் போகும் பல்கலைக்கழகப் பிள்ளைகள் சாமான்களை விற்றுவிட்டுப் போவார்கள். அப்படி வாங்கியது. எனக்கு நிலையான வீடு கிடையாது. இடைநிலைப் பள்ளியில் பாதியில் நின்றவன். மரக்கறி லாரி, மீன் லாரி, கேமரன்மலையில் கொஞ்ச காலம், கட்டட வேலை கொஞ்ச காலம் என்று சுற்றிவிட்டு, இப்போது ஒரு பழைய வேனை வைத்துக்கொண்டு கிடைத்த சாமானை ஏற்றுகிறேன். அதிலேயே படுத்துக்கொள்கிறேன். குறை ஒன்றும் இல்லை. ஆனால் அக்காவால் வேனில் படுக்க முடியாது.

அக்காவும் மச்சானும் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தோட்டத்தில் ரப்பர்ப் பால் வெட்டியவர்கள். முதலாளிகள் ரப்பரை அழித்து எண்ணெய்க்குச் செம்பனை நட்டார்கள், பிறகு செம்பனையையும் அழித்து வீடு கட்டினார்கள். இவர்கள் சிலிபினில் ஓர் அடுக்குமாடி வீட்டுக்கு வந்தார்கள். மச்சான் ஜாகா வேலைக்கு, இரவுக் காவலுக்குப் போனார். அக்கா ஒரு மாமாக் சாப்பாட்டுக் கடையில் பாத்திரம் கழுவினாள். ஈரத் தரையில் நாள் முழுக்க நிற்கிற வேலை. இனிப்பு நீர் வியாதி ஏற்கெனவே இருந்தது. வலது காலில் ஆணி குத்தியது கூட அவளுக்குத் தெரியவில்லை. அடிப்பாதத்தில் உணர்ச்சி போய்விட்டிருந்தது. கட்டைவிரலை எடுத்தார்கள். அடியில் இருந்த புண் ஆறுவதற்கு ஒரு வருடத்துக்குப் பக்கமாக ஆனது. புண் மூடிய அன்று டாக்டர் சொன்னார்: இன்னொரு முறை திறந்தால் விரலோடு நிற்காது. கிளினிக்கில் மெத்தென்று ஒரு ஜோடி சப்பாத்து கொடுத்தார்கள். வீட்டுக்குள்ளேயும் அதைப் போட்டுக்கொண்டுதான் நடக்க வேண்டும்.

மற்றதை மச்சான் பார்த்துக்கொண்டார். தினமும் சாயங்காலம், விடியலில் பால் வெட்டப் போகும்போது நெற்றியில் கட்டிக்கொண்ட அதே விளக்கைக் கட்டிக்கொண்டு, அக்காவின் இரண்டு பாதங்களையும் மடியில் வைத்துப் பார்ப்பார். விரல் இடுக்கு, குதிகால், நகத்தோரம் எல்லாம் பார்ப்பார். ரப்பர் மரத்தில் பட்டையைத் தாண்டிக் கத்தி இறங்கிவிட்டதா என்று பார்ப்பது போலத்தான் பார்ப்பார். அவருக்குத் தெரிந்த பார்வை அதுதான்.

கடலுக்கு வந்தது அக்காவின் வேண்டுதல். ஆஸ்பத்திரியில் பக்கத்துக் கட்டிலில் ஹுத்தான் மெலிந்தாங்கைச் சேர்ந்த ஒரு பெண் இருந்தாள். மீன் பிடிக்கிற வீடு. அவளுக்கும் கால்தான். "கால் தங்கிருச்சுன்னா ரெண்டு பேரும் கடல்ல நின்னு சூடம் கொளுத்துவோம்கா," என்று அவள்தான் சொன்னாளாம். அவள் வீடு திரும்பவில்லை. அக்காவின் கால் தங்கிவிட்டது. ஹுத்தான் மெலிந்தாங்கிற்கே போகலாமே என்று நான் கேட்டேன். "அங்க எல்லாம் சேறுடா, நிக்க எடமில்லன்னு அவளே சொல்லியிருக்கா. மணல் உள்ள எடமாப் பாரு. ஒரு ராத்திரி படுக்கணும்," என்றாள். அக்கா என்னிடம் அதிகம் எதுவும் கேட்டவள் இல்லை.

கான் வெட்டி முடித்தபோது உச்சி வெயில். கடல் வற்றி வெகுதூரம் போயிருந்தது. மரநிழல் முடிகிற இடத்திலிருந்து தண்ணீர் வரைக்கும் வெள்ளை மணல் பளபளவென்று கிடந்தது. சாயங்காலம் போகலாம் என்றேன். "வெளக்கு வைக்கிற நேரத்துல தண்ணி ஏறிரும். இப்பவே போயிரலாம்," என்றாள் அக்கா. தட்டில் தேங்காய், வெற்றிலை, வாழைப்பழம், சூடம் எல்லாம் எடுத்து வைத்தாள். பிறகு கூடாரத்து வாசலில் உட்கார்ந்து சப்பாத்தைக் கழற்றினாள். இரண்டையும் ஒன்றுக்குப் பக்கத்தில் ஒன்றாக, கோவில் வாசலில் வைப்பதுபோல் வைத்தாள். மச்சானும் நானும் செருப்பைக் கழற்றி அதற்குப் பக்கத்தில் விட்டோம். கும்பிடப் போகும்போது செருப்பைக் கழற்றுவது யோசித்துச் செய்கிற காரியம் இல்லை. கை தானாகச் செய்துவிடும். தினமும் அந்தப் பாதத்தை விளக்கு வைத்துப் பார்க்கிற மனுஷனுக்கும் அன்றைக்கு அது தோன்றவில்லை.

நிழலைத் தாண்டியதும் நான் கத்திவிட்டேன். மணல் அப்படிக் கொதித்தது. மச்சான் வேட்டியைத் தூக்கிக்கொண்டு குதித்து ஓடினார். ஈரமணலில் போய் நின்று இரண்டு பேரும் மூச்சு வாங்கிச் சிரித்தோம்.

"தீ மிதிக்க வந்த மாதிரி இருக்குடா!" என்றார் மச்சான்.

திரும்பிப் பார்த்தால், அக்கா நிதானமாக வந்துகொண்டிருந்தாள். தட்டு ஆடவில்லை. தலையில் முந்தானை. ஒரு காலை வைத்து, சற்று நின்று, மறு காலை வைத்து, ஊன்றி ஊன்றி நடந்தாள். கட்டைவிரல் இல்லாததால் அவளுடைய நடையே அப்படித்தான்.

"பாருடா உங்கக்காள. ஆத்தா எறங்கிட்டா," என்றார் மச்சான். பெருமையாகத்தான் சொன்னார்.

"ஆம்பளைங்க ரெண்டு பேரும் கோழி மாதிரி ஓடுறீங்க," என்று அக்கா அங்கிருந்தே கேலி செய்தாள். எனக்கும் அப்போது பெருமையாகத்தான் இருந்தது.

தண்ணீரில் இறங்கி, சேலை நனைய முழங்கால் அளவுக்குப் போய் நின்றாள். சூடம் காற்றில் அணைந்து அணைந்து போனது. மச்சான் இரண்டு கையையும் குவித்து மறைத்தார். ஒருவழியாகப் பற்றியது. அக்கா கண்ணை மூடி, அந்தப் பெண்ணின் பெயரையும் தன் பெயரையும் சொன்னாள். தேங்காயை நான் உடைத்தேன். ஒரு மூடியை அலையில் விட்டாள். அது திரும்பத் திரும்ப அவள் காலடிக்கே வந்தது. "போடி, உனக்குத்தான்," என்று சொல்லித் தள்ளிவிட்டாள். வெகுநேரம் வெளியே வர மனமில்லாமல் நின்றாள். வெயில் கொஞ்சம் இறங்கிய பிறகுதான், அதே மணலில், அதே நடையில் திரும்பினோம்.

கூடாரத்துக்கு வந்து சற்று நேரத்தில் மழை கொட்டியது. மச்சான் வெட்டிய கானில் தண்ணீர் சுழித்து ஓடியது. எங்கள் பாய் நனையவில்லை. பக்கத்துக் கூடாரத்தில் மெத்தை நனைந்து, பிள்ளைகள் கூச்சல் போட்டார்கள். மழை விட்டதும் மாக்சிக் சுட்ட மீனை ஒரு தட்டில் கொண்டுவந்து, செம்பனைக்காரர்தான் கெட்டிக்காரர் என்று மச்சானிடம் தோற்றுப்போனவர் போல் சொன்னார். மச்சான் சிரித்த சிரிப்பை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. அந்த மழை மட்டும் மத்தியானத்துக்கு முன்பே பெய்திருந்தால் மணல் குளிர்ந்திருக்கும் என்று பிறகு பலமுறை நினைத்திருக்கிறேன்.

பொழுது சாய்ந்தது. மச்சான் விளக்கை நெற்றியில் கட்டிக்கொண்டு, அக்காவின் வலது காலை மடியில் எடுத்து வைத்தார். துணியால் ஈரத்தை ஒற்றினார். பிறகு கை நின்றுவிட்டது.

"என்ன மச்சான்?"

நான் குனிந்து பார்த்தேன். பாதத்தின் அடியில், பழைய புண் மூடிய இடத்தைச் சுற்றி, தோல் வெள்ளையாக எழும்பியிருந்தது. ஓரத்தில் பிய்ந்து உள்ளே சிவப்பாகத் தெரிந்தது. மணல் ஒட்டியிருந்தது. இடது காலில் குதிகாலில் மட்டும் கொஞ்சம் சிவந்திருந்தது.

"என்னா, கல்லு குத்திருச்சா?" என்றாள் அக்கா.

"மணலு சுட்டிருக்கு," என்றார் மச்சான்.

"சுடவே இல்லியே."

மச்சான் என்னைப் பார்த்தார். அவளும் புரிந்துகொண்டாள். குடிக்கிற தண்ணீரை மெல்ல ஊற்றிக் கழுவி, சுத்தமான துணியைச் சுற்றினோம். நான் வேன் சாவியை எடுத்தேன்.

"இருடா," என்றாள். "போனா எடுத்துருவாங்க. எனக்குத் தெரியும். இன்னிக்கி ஒரு ராத்திரி இங்க படுத்துட்டு, காலைல போலாம். ஓடியா போயிரும் ஆஸ்பத்திரி?"

நான் மச்சானைப் பார்த்தேன். கல்யாணம் ஆன நாளிலிருந்து அவளுடைய பேச்சுக்கு அவர் மறுபேச்சுப் பேசி நான் கேட்டதில்லை. அவர் விளக்கை அணைத்தார். கூடாரத்துக்கு வெளியே கானில் இன்னும் கொஞ்சம் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கடலு எங்கயும் போவாது," என்றார். "கெளம்பு."

"ஏங்க, ஒரு ராத்திரிதான..."

"கெளம்புன்னு சொன்னேன்லா."

குரல் உயர்ந்துவிட்டது. பக்கத்துக் கூடாரத்தில் பாட்டை நிறுத்தினார்கள். நான் அக்காவைத் தூக்கிக்கொண்டு போய் வேனில் உட்கார வைத்தேன். தூக்கினால் கனமே இல்லை. கூடாரத்தை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம், போங்கள் என்று மாக்சிக் கையை அசைத்தார். வேன் கிளம்பியதும், "ஜன்னலத் தொறந்து வைடா," என்றாள் அக்கா. திறந்து வைத்தேன். கடல் சத்தம் கேட்கிற வரைக்கும் மெதுவாகவே ஓட்டினேன். பிறகு ஜன்னலை மூடச் சொன்னாள்.

ஈப்போ ஆஸ்பத்திரியில் ஒரு சின்ன வயது டாக்டர், தமிழ்ப் பிள்ளைதான், துணியைப் பிரித்துப் பார்த்துவிட்டு, "சப்பாத்து போடலியாம்மா?" என்று கேட்டது.

"சாமி கும்பிடப் போனோம்," என்றாள் அக்கா. "சப்பாத்தோட எப்படிங்க கும்பிடுறது?"



மறுநாள் கூடாரத்தை எடுக்க நான் மட்டும் போனேன். மாக்சிக் வீட்டார் மடித்து, கட்டி வைத்திருந்தார்கள். கூடாரம் இருந்த இடத்தைச் சுற்றிக் கான் மட்டும் சதுரமாகக் கிடந்தது. அவசரத்தில் விட்டுப்போன சப்பாத்து இரண்டையும் மாக்சிக் ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டுக் கொடுத்தார். அக்காவுக்கு எப்படி இருக்கிறது என்று கேட்டார். பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்றேன்.

பார்த்தார்கள். புண் உள்ளே இறங்கிக்கொண்டே போனது. கடைசியில் முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள்.

இப்போது சிலிபின் வீட்டில் அக்கா சக்கர நாற்காலியில் இருக்கிறாள். சமையல் அவள்தான், உட்கார்ந்தபடியே. மச்சான் வேலைக்குப் போவதற்கு முன்னால், சாயங்காலம், அதே விளக்கைக் கட்டிக்கொண்டு இடது காலை மடியில் எடுத்துக்கொள்கிறார். போன வாரம் நான் போயிருந்தபோதும் பார்த்துக்கொண்டிருந்தார். அக்கா என்னைப் பார்த்து, "அன்னிக்கி மணலு எப்படிடா இருந்துச்சு?" என்று கேட்டாள்.

லேசாக ஏதாவது சொல்லிவிடலாமா என்று யோசித்தேன். சொல்லவில்லை.

"அடுப்புல கெடக்குற தோசக்கல்லு மாதிரிக்கா. என்னால கால வைக்க முடியல."

"அவ்ளோ சூடா?" என்றாள். மச்சான் மடியில் இருந்த காலைக் குனிந்து பார்த்தாள். பிறகு, "தண்ணி தெரிஞ்சுதுடா. முட்டிக்கிட்ட ஏறுனப்ப, ஜில்லுன்னு நல்லாத் தெரிஞ்சுது," என்று சொல்லிவிட்டு, அந்தத் தண்ணீரில் நிற்பது போலவே காலை லேசாக அசைத்தாள்.

"கால ஆட்டாத," என்றார் மச்சான், தலையை நிமிர்த்தாமல்.