பிலோமினா கையெழுத்திடாத திரை

பிலோமினா இறந்துவிட்ட செய்தியை அவர் கணவர் திங்கட்கிழமை காலை அவரது போனிலிருந்து எங்கள் அலுவலக வாட்ஸ்அப் குழுவில் போட்டிருந்தார். கார் நிறுத்துமிடத்தில் நின்று இரண்டு முறை படித்தேன். பிறகு மேலே போய் வேலையைத் தொடங்கினேன்.

மலேசியாவில், ஜொகூர் பாரு அலுவலகத்தில் எங்களோடு இருந்தவர்களுக்கு அவரைத் தெரியும். மென்பொருள் எழுதுவது என் வேலை. அதில் பிழை பார்ப்பது அவர் வேலை. அதற்கு முன் பாசிர் கூடாங்கில் ஓர் இரசாயன ஆலையின் கட்டுப்பாட்டு அறையில் ஒன்பது ஆண்டுகள் ஷிப்டு பார்த்தவர்.

எங்களுக்குள் முதல் சச்சரவு, திரையில் எச்சரிக்கைக்காக வைத்த ஒரு சிறிய மணிப் படத்தால் வந்தது. பக்கத்திலிருந்த சொல்லைவிட அது மேலே நிற்கிறது என்றார். அளந்து காட்டினேன்; மேலும் கீழும் ஒரே இடைவெளி.

"நம்பர் சரிதான் லா. கண்ணு ஒத்துக்கலையே."

அரை நாள் தேடினேன். அந்தச் சொல்லின் எழுத்துரு தன் தலைக்கு மேல் கண்ணுக்குத் தெரியாத வெற்றிடம் வைத்திருந்தது. கணினி அதையும் எழுத்தாகவே கணக்கிட்டிருந்தது.

பிறகு, ஓர் ஆலைக்காகச் செய்த பம்புத் திரை. இடப்பக்கம் பம்புகளின் பெயர்கள், வலப்பக்கம் அவற்றின் பொத்தான்கள். ஆலையின் சிறிய திரையில் ஒரு நீளமான மலாய்ப் பெயர் இரண்டு வரியாக மடிந்தது. அதற்குக் கீழிருந்த பெயர்களெல்லாம் அரை வரி இறங்கின. மூன்றாம் பம்பின் பெயர் மூன்றாம் பொத்தானுக்கும் நான்காம் பொத்தானுக்கும் நடுவில் நின்றது. மறுநாள் ஒப்படைக்க வேண்டும். அடுத்த பதிப்பில் திருத்தலாம் என்றேன். மேலாளரும் அதையே சொன்னார். பிழையில்லை என்று சான்று தரும் தாளில் பிலோமினா கையெழுத்திடவில்லை.

"பன்னண்டு மணி நேரம் அந்த நாற்காலியில உக்காந்திருக்கீங்களா? கை கிட்ட இருக்கிறதத்தான் அமுக்கும். நின்னு பேர் படிக்காது. வேணும்னா வேற யாரையாச்சும் சைன் பண்ணச் சொல்லுங்க."

அவரது ஒப்பந்தம் அந்த மாதம் முடியவிருந்தது. மேலாளர் அவரை அறைக்குள் அழைத்து அதை நினைவூட்டினார். வெளியே வந்தவர் உணவுப் பெட்டியைத் திறந்து, பாதி சாப்பிட்டு மூடிவைத்தார். வேறு யாரும் கையெழுத்திடவில்லை, நானும்தான்.

ஒப்படைப்பு தள்ளிப்போனது; திருத்த எனக்கு மூன்று நாள் ஆனது. ஒன்றை நேராக்கினால் வேறு இரண்டு திரைகள் கோணின. கடைசியில் ஒவ்வொரு பெயரையும் அதன் பொத்தானோடு ஒரே வரிசையில் கட்டினேன். பொருத்தும் நாளில் இருவரும் ஆலைக்குப் போனோம். ஊழியர்கள் பார்த்தார்கள், அமுக்கினார்கள், தேநீர் குடிக்கப் போய்விட்டார்கள். எனக்கு ஏமாற்றம். திரும்பும் வழியில் அவர் சிரித்தார்.

"யாரும் ஒண்ணும் சொல்லலல்ல? அப்ப சரியா இருக்கு."

ஒப்பந்தத்தை அந்த முறை ஆறு மாதத்துக்கு மட்டுமே நீட்டினார்கள். அதைப் பற்றி அவர் என்னிடம் பேசியதே இல்லை.

மருத்துவமனைக்குப் போகும் முன் கடைசியாக ஒரு புகார் பதிந்திருந்தார்: அறிக்கைப் பக்கத்தில் தேதி வலப்பக்கம் சாய்ந்திருக்கிறது. 'அளவு சரி' என்று எழுதித் திருப்பியிருந்தேன். தேவாலயத்தில் அடக்க ஆராதனை முடிந்து வந்த பிறகு அந்தப் பக்கத்தைத் திறந்து, அளக்காமல் பார்த்தேன். சாய்ந்துதான் இருந்தது. திருத்திவிட்டேன்.

புகார் கொடுத்தவரே சரிபார்த்து அதை மூட வேண்டும் என்பது எங்கள் விதி. "உங்க பேருக்கு மாத்தி மூடிடவா?" என்று மேலாளர் கேட்டார். வேண்டாம் என்றேன். அது அவர் பெயரிலேயே திறந்திருக்கிறது.