மணல் போட்டும் அணையாத நெருப்பு

என் கணவர் ராக்கெட்டுக்கு எரிபொருள் கலக்கும் வேலையில் இருந்தார். பட்டணத்துக்கு வடக்கே, கடலோரத்தில் ஒரு கூடம். வாரம் முழுக்க அங்கேதான். சனிக்கிழமை சாயங்காலம் ரயிலேறி அபிராமபுரத்து வீட்டுக்கு வருவார். எழுபதுகளின் தொடக்கம் அது. நான் மயிலாப்பூரில் ஒரு பெண்கள் பள்ளியில் ரசாயனம் நடத்திக்கொண்டிருந்தேன். மற்ற நாளெல்லாம் வீட்டில் நானும் மாமனாரும் மட்டும்.

ஒருநாள் கோதுமை அல்வா கிளறிக்கொண்டே, "அப்படி என்னதான் பண்றேள் அங்கே?" என்று கேட்டேன்.

"இதேதான். உப்பு மாதிரி ஒரு பொடி, அலுமினியத் தூள், ரப்பர் பிசின். விடாம கிளறணும். உள்ளே ஒரு காத்துக் குமிழி நிக்கப்படாது. நின்னா, எரியறப்போ ராக்கெட்டே வெடிச்சுடும்."

சொல்லிவிட்டு என் கையிலிருந்து கரண்டியை வாங்கிக் கிளறினார். அல்வா அடிப்பிடித்துவிட்டது. அப்படியே சாப்பிட்டோம்.

கல்யாணமாகி இரண்டாவது வருஷம். வகுப்பு நடக்கும்போது மாமனார் பள்ளி வாசலில் வந்து நின்றார். வெயிலில் செருப்பில்லாமல் நடந்து வந்திருந்தார். "ஆத்துக்கு வாம்மா" என்றார்.

வீட்டில் என் கணவரோடு வேலை பார்த்த நண்பர் காத்திருந்தார். இரண்டு கையிலும் கட்டு. கலவை எந்திரத்தில் தீப்பிடித்ததாம். பக்கத்தில் நின்ற என் கணவரால் வெளியே வர முடியவில்லை.

"மணல் கொட்டினோம் மன்னி. வாளி வாளியா கொட்டினோம். அணையவே இல்லை."

அணையாது. காற்றே இல்லாத உயரத்திலும் எரிய வேண்டுமென்றுதான் உப்பு மாதிரி இருக்கும் அந்தப் பொடியைச் சேர்ப்பார்கள். எரிவதற்கு வேண்டிய ஆக்ஸிஜன் அதற்குள்ளேயே இருக்கும். மேலே எதைப் போட்டு மூடினாலும் எரிந்துகொண்டேயிருக்கும். அது எனக்குத் தெரியும். தெரிந்து என்ன?

"உங்களால ஆனதைப் பண்ணினேள்" என்று சொல்லிவிட்டுச் சமையலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன்.

சில மாதங்கள் கழித்து நண்பர் மறுபடி வந்தார். வானத்தில் காற்று வீசும் வேகத்தை அளக்க ஒரு சின்ன ராக்கெட் விடுகிறார்களாம். விபத்துக்கு முன்பு என் கணவர் கலந்து வார்த்துவைத்த எரிபொருள்தான் அதில் இருக்கிறதாம். எனக்கு மனமில்லை. மாமனார்தான், "போலாம்மா" என்றார்.

தூரத்தில் ஒரு மணல்மேட்டில் நின்றோம். கண் கூசும் வெளிச்சம், பின்னாலேயே இடி மாதிரி ஒரு சத்தம். சில நொடிதான். நெருப்பு நின்றுவிட்டது.

"அவ்வளவுதானா?" என்றார் மாமனார்.

"எரிபொருள் தீர்ந்துடுத்து மாமா. ஆனா அந்த வேகத்துலேயே இன்னும் மேலே போயிண்டிருக்கு" என்றார் நண்பர்.

என் கண்ணுக்கு எதுவும் தெரியவில்லை. மாமனார் நெற்றியில் கையை வைத்துக்கொண்டு அண்ணாந்தே நின்றார். கழுத்து வலிக்கப்போகிறதே என்று அவர் தோளைத் தொட்டேன்.

"இரும்மா. இன்னும் போயிண்டிருக்கான்" என்றார்.

அது கடலில் விழுந்துவிட்டதென்று நண்பர் போய்க் கேட்டுவந்து சொல்லும்வரை அங்கேயே நின்றோம்.